முதுகால் மூச்சு விடும் வண்டி

பயம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு முள். என் பழைய காரில், இன்ஜின் ஆயில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டுவதற்காக நானே வாங்கிப் பொருத்திய மீட்டரின் முள் அது.

அந்தக் காரை எங்கள் ஊரில் ஆமை வண்டி என்பார்கள். பெரிய முதலியார்சாவடியில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதற்கு இன்ஜின் பின்னால் இருக்கும். முன்பக்க மூடியைத் திறந்தால் ஸ்டெப்னியும் பெட்ரோல் டேங்கும்தான். ரேடியேட்டர் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பின் கண்ணாடிக்குக் கீழே சீப்புப் பல் போல வரிசையாகத் துளைகள் வெட்டியிருக்கும். உள்ளே இருக்கும் ஃபேன் அந்த வழியாகக் காற்றை இழுத்து இன்ஜின் மேல் அடிக்கும். மீதிச் சூட்டை ஆயில்தான் சுமந்தாக வேண்டும். ஆயில் அளவுக்கு மீறிச் சூடானால் தண்ணீராக இளகிவிடும், அப்புறம் இரும்போடு இரும்பு உரசும், அதற்கு மேல் கடவுள் விட்ட வழி. முள் தாண்டக் கூடாத இடத்தில் என் மனைவியின் நகப்பூச்சை எடுத்து ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தேன். இரண்டு கோடை அந்தக் கோட்டுக்குக் கீழேயே ஓட்டியவன் நான்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். அந்த வண்டிக்கு இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கினால்தான் பின்னால் இருப்பவர்கள் இறங்க முடியும். பின் சீட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் சாமான் வைக்க ஒரு பள்ளம் உண்டு. என் ஐந்து வயது மகள் அதற்கு "என் ரூம்" என்று பெயர் வைத்து, எங்கே போனாலும் அதில்தான் சுருண்டுகொள்வாள். அன்றைக்கு என் மண்டையில் இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

சுனாமிக்கு அடுத்த வைகாசி. கடல் அடித்ததில் தள்ளிப்போன என் மச்சான் கல்யாணம் அப்போதுதான் கூடி வந்தது. பெண் அனுமந்தைப் பக்கம், அவள் வீட்டில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் பெண்ணை அழைத்து வர என் வண்டிதான் போக வேண்டும் என்று மச்சான் அடம்பிடித்தான். போனோம். வண்டிக்குப் பூ அலங்காரம் செய்ய வந்த பெண்ணின் தம்பியிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்.

"இன்ஜின் மேல மட்டும் எதையும் கட்டாதப்பா."

"சரிங்கண்ணே, அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பந்தியில் என்னை எழுந்திருக்க விடவில்லை. சாப்பிட்டு வெளியே வந்தபோது வண்டியின் முதுகு பந்தல் துணியோடு ஒட்டி நின்றது. முன்பக்கம் ஒரு பூக்கூட இல்லை. பையன் கைவிட்டுவிட்டான் போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். சுற்றிப் பார்க்க நேரமில்லை. "ராகு காலம் வரப் போவுது, ஏறு மாப்ள" என்று என் மனைவியின் பெரியம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பின் சீட்டில் கல்யாணப் பெண்ணும், எண்ண முடியாதபடி தெருக் குழந்தைகளும். பள்ளத்தில் என் மகள்.

பெண் அழைப்புக்கு எங்கள் பக்கம் மூன்று கட்டுப்பாடு. வண்டி வழியில் நிற்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டு வாசல் வரும்வரை பெண் கால் மண்ணில் படக் கூடாது, வாய் திறந்து பேசவும் கூடாது. பெரியம்மா இதை ஏறும்போதே பெண்ணிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

உப்பளத்துக்கு நடுவே கரை மேல் போகும் மண்பாதை. ஒரு வண்டிதான் போகலாம். முன்னால் சீர்வரிசையும் மேளக்காரர்களும் ஏறிய டிராக்டர், நத்தை மாதிரி. ஓட்டியது அந்தத் தம்பிதான். இரண்டு பக்கமும் உப்புப் பாத்தித் தண்ணீரில் வெயில் விழுந்து கண்ணைக் குத்தியது. பாதி தூரம் போயிருப்போம், மீட்டரைப் பார்த்தேன். முள் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

நம்ப முடியவில்லை. காலையில்தான் ஆயில் அளவு பார்த்திருந்தேன். ஃபேன் பெல்ட் அறுந்திருந்தால் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும், எரியவில்லை. கியரைக் குறைத்து ஃபேனை வேகமாகச் சுற்ற வைத்தேன். முள் இறங்கவில்லை, இன்னும் ஏறியது. கண்ணாடியில் குழந்தைகளின் தலைகளும், அவற்றுக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ தொங்குவதும்தான் தெரிந்தன. அப்போது ஒரு வாசனை வந்தது. மல்லிகைப் பூவை அடுப்பில் வேகவைத்த மாதிரி, வாழ்க்கையில் நான் முகராத வாசனை.

ஹாரன் அடித்தேன். மேளக்காரர்கள் அதைக் குஷி என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடித்தார்கள். பாவிகள்.

"என்னா மாப்ள, மூஞ்செல்லாம் வேர்த்து ஊத்துது?"

"வண்டி சூடாவுது பெரியம்மா. நிறுத்தணும்."

"நிறுத்தறதா? பொண்ணு வண்டிய நடுவழியில நிறுத்துவாங்களா? ஊரு இன்னா பேசும்? மெதுவா அப்படியே போய்டு."

நிறுத்தவும் எனக்குப் பயம்தான். இன்ஜினை அணைத்தால் ஃபேனும் நின்றுவிடும், உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழியில்லை. ஓடினாலும் ஆபத்து, நின்றாலும் ஆபத்து. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. இப்போது பூ வாசனை போய்ச் சணல் கருகும் நாற்றம். அந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் ஒரு ரப்பர் குழாய் வழியாகத்தான் போகிறது என்பது ஞாபகம் வந்தது. அந்தச் சூட்டுக்கும் என் மகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு தகரம்.

"பாப்பா!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. "பாப்பா!"

"அது தூங்குது மாமா" என்றது ஒரு குழந்தை.

அந்தப் புழுக்கத்தில் யாரால் தூங்க முடியும்? பிரேக்கை மிதித்து, இன்ஜினை அணைத்து, குதித்து இறங்கி முன் சீட்டை மடக்கினேன். "எல்லாம் எறங்குங்க!" என்று கத்தியது எனக்கே வேறு யாரோ குரலாகக் கேட்டது. "கால கீழ வெக்காதடி!" என்று பெரியம்மா பெண்ணைப் பார்த்து அலறினார். பெண் யாரையும் பார்க்கவில்லை. பட்டுப் புடவையோடு திரும்பி மண்டியிட்டு, பள்ளத்துக்குள் இரண்டு கையையும் விட்டு முதலில் என் மகளைத் தூக்கி என்னிடம் கொடுத்தாள். பிறகு மற்ற குழந்தைகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினாள். கடைசியில்தான் அவள் இறங்கினாள், வெறுங்காலோடு, உப்பு பூத்த மண்ணில்.

என் மகள் தொப்பலாக நனைந்திருந்தாள். உலுக்கினேன். கண்ணைத் திறந்து, "ஊரு வந்துடுச்சாப்பா?" என்றாள். கல்யாணக் கூட்டம் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

அவளைப் பெரியம்மா கையில் திணித்துவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். அந்தச் சீப்புத் துளைகள் இருக்கும் இடமே தெரியவில்லை. சாமந்தியும் மல்லிகையும் பாய் மாதிரிப் பின்னிக் கிடந்தன, அடியில் மடித்துப் போட்ட சாக்கு. ஃபேன் அதை இழுத்து இழுத்து ஒட்ட வைத்திருந்தது. ஈரம் காய்ந்து ஓரம் புகைந்துகொண்டிருந்தது. பிய்த்து எறிந்தேன். திரும்பினால், பெண்ணின் தம்பி டிராக்டரை நிறுத்திவிட்டுப் பாத்தியிலிருந்து குடம் நிறைய உப்புத் தண்ணீரோடு ஓடி வருகிறான்.

"ஊத்தாதடா! சூட்டுல ஊத்தினா இன்ஜின் விரிசல் விட்டுடும்டா!"

குடத்தோடு நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"இன்ஜின் மேல கட்டாதன்னு சொன்னனா இல்லியா?"

"முன்னாடி ஒரு பூக்கூடக் கட்டலியேண்ணே. பின்னாடி டிக்கிதானன்னு... உப்புக் காத்துல பூ வாடிடும்னு அடியில ஈரச் சாக்கு போட்டேன். எங்க பம்புசெட்டு சூடானாக்கூட அதான் போடுவோம்."

அவனை அறைய ஓங்கிய கையை அப்படியே இறக்கினேன். அவன் இன்ஜினைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

வண்டியைக் கரையிலேயே விட்டுவிட்டு எல்லோரையும் டிராக்டரில் ஏற்றினோம். வண்டி நின்றது, பெண் மண்ணை மிதித்தாள், போதாத காலம் என்று பெரியம்மா புலம்பிக்கொண்டே ஏறினார். மகளைப் பெண்ணிடம் தூக்கிக் கொடுத்தேன். வாங்குவதற்கு அவள் ஒரு கையைத்தான் நீட்டினாள். இன்னொரு கையை மடியில் மூடி வைத்திருந்தாள்.

"கையில என்னம்மா?"

பெரியம்மா கவனிக்கிறாரா என்று பார்த்துவிட்டு விரித்தாள். மருதாணி வட்டத்தின் மேல் தோல் வெந்து கொப்புளித்திருந்தது.

"பாப்பா தூக்கத்துல கன்னத்த அந்தத் தகரத்துல சாச்சிக்கினே இருந்துச்சிண்ணே. தொட்டுப் பாத்தேன், சுட்டுச்சி. அதான் கைய நடுவுல வெச்சிக்கினேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"பொண்ணு பேசக் கூடாதுன்னு சொன்னாங்களேண்ணே" என்றாள்.

மறுநாள் மணவறையில் அவள் கையைப் பார்த்தவர்களெல்லாம் மருதாணி நன்றாகச் சிவந்திருக்கிறது, மாப்பிள்ளை கொடுத்து வைத்தவன் என்றார்கள். நான் என் மகளை இடுப்பிலிருந்து இறக்காமல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.