நூற்றெட்டுச் சுற்றும் மகளின் விசாவும்

இன்று காலை தாம்பரத்தில் எங்கள் தெருப் பிள்ளையாரை நூற்றெட்டு முறை சுற்றினேன். இங்கிலாந்தில் படித்து முடித்து வேலையில் சேர்ந்திருக்கும் மகளுக்கு விசா கிடைக்க வேண்டும் என்று வேண்டுதல்.

அங்கே விதியை மாற்றிவிட்டார்கள். சம்பளத்தை உயர்த்தித் தந்தால்தான் இனி வேலை விசாவாம். கம்பெனி தருமா என்பது இந்த வாரம் தெரியும்.

கணக்குத் தவறக் கூடாதென்று நூற்றெட்டுத் தீக்குச்சி எடுத்துப் போயிருந்தேன். சுற்றுக்கு ஒன்றாகப் படியில் வைத்தேன்.

பாதியில் பின்தெரு சரளா சேர்ந்துகொண்டாள்.

"என்னக்கா, ட்ரெயினைப் பிடிக்கிற மாதிரி ஓடுறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"விசா கிடைக்கலன்னா?"

"கிளம்பி வந்துட வேண்டியதுதான்."

"அப்போ தீபாவளிக்கு இங்க இருப்பான்னு சொல்லுங்க!"

சரளா போய்விட்டாள். நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். இரண்டு வருடமாக மகளைப் போனில்தான் பார்க்கிறேன். தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவதுபோலவும், "போதும்மா, கண்ணுல வழியுது" என்று அவள் கத்துவதுபோலவும் நினைத்துக்கொண்டே நடந்தேன்.

கடைசிக் குச்சியை வைக்கும்போதுதான் கவனித்தேன். என் வாய் "அவ இங்கயே வந்துடட்டும் பிள்ளையாரப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனையாவது சுற்றிலிருந்து என்று தெரியவில்லை.

மத்தியானம் அவளே கூப்பிட்டாள். "அம்மா, எனக்காக வேண்டிக்கிட்டல்ல?"

"நூத்தியெட்டும் முடிச்சுட்டேன்டி" என்றேன். என்ன கேட்டேன் என்று சொல்லவில்லை.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய அம்மாக்களே, உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் என்ன கேட்டுச் சுற்றுகிறீர்கள்?