வாக்கெடுப்பின்போது நான் வெளியே நின்றேன்

1. முதல் நாள்

சபையில் என் முதல் நாளன்று, உள்ளே நுழைந்ததும் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன். பதினாலு பேர் கோப்பிக் குவளையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் மட்டும், என்ன செய்வதென்று தெரியாமல், எழும்பித் திருப்பிக் கும்பிட்டார். அவர்தான் மேயர் ஒட்வார்.

இது நோர்வேயின் வடக்கு விளிம்பில், ஆர்க்டிக் கரையில் உள்ள ஒரு மீன்பிடிக் கிராமம். பெயர் வேண்டாம். அவ்வளவு சின்ன ஊரில் பெயரைச் சொன்னால் ஆளையும் சொன்ன மாதிரி. எண்பதுகளில் எங்கள் ஈழத்து ஆட்கள் பாட்ஸ்பியோர்ட் பக்கம் மீன் வெட்டும் தொழிற்சாலைகளுக்குப் போனபோது நானும் அப்படியே அள்ளுப்பட்டு வடக்கே போனவன். பல வருடம் கத்தி பிடித்தேன். பிறகு, இரண்டாயிரமாம் ஆண்டு கடந்து சில வருடங்களில், பதினைந்து பேர் கொண்ட அந்த ஊர்ச் சபையில் ஒருவனானேன். இரண்டு தவணை, எட்டு வருடம். இப்போது ஓய்வெடுத்து, ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் மகள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிறேன்.

ஒஸ்லோவில் தேர்தலுக்கு நிற்க யோசிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், "அங்கிள், நீங்கள் ஒரு முன்னோடி. உங்கடை அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். முன்னோடியாம்! போன மாதம் பொன்னாடை வேறு போர்த்தினார்கள். அது தோளில் கிடந்த நேரம் முழுக்க எனக்கு உடம்பு கூசியது. ஏன் என்று எழுதுகிறேன்.

2. புள்ளடி

முதலில், நான் எப்படி வென்றேன் என்பது. அது என் கெட்டித்தனம் இல்லை.

எங்கள் கட்சி என்னைப் பட்டியலின் கடைசிக்கு முதல் இடத்தில் போட்டிருந்தது. கறிவேப்பிலை மாதிரி, வாசத்துக்கு. ஆனால் நோர்வேயின் உள்ளூர்த் தேர்தலில் ஒரு வழி உண்டு. கட்சியின் வாக்குச் சீட்டில் விருப்பமான ஆளின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட்டால் அவர் மேலே வருவார். மூன்று வருடம் நாட்டில் இருந்தால் குடியுரிமை இல்லாதவரும் வாக்களிக்கலாம். இந்த இரண்டையும் எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தியவள் ஜெசிந்தா.

மன்னார்ப் பிள்ளை. என்னோடு அதே தொழிற்சாலையில் முள் எடுக்கும் வரிசையில் நின்றவள். வேலை முடிந்து, மீன் மணத்தோடேயே, மாதிரிச் சீட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டில் அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "தாளை மடிச்சுப் போடுறது மட்டும் காணாது அக்கா. அண்ணையின்ரை பேருக்குப் பக்கத்திலை புள்ளடி போட வேணும். மறந்தியளோ, அவர் அடியிலேயே கிடப்பார்."

ஒருவரும் மறக்கவில்லை. நான் மூன்றாவதாக மேலே வந்தேன்.

அடுத்த வருடம் ஜெசிந்தாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அனித்தா. குழந்தைக்கு ஒரு வயது ஆகுமுன் கணவர் இருவரையும் விட்டுவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். தொழிற்சாலையில் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். ஊரின் பார்ணஹாகெ, அதாவது சிறு பிள்ளைகளைப் பார்க்கும் இடம், ஆறுக்குக் கால்மணி இருக்கும்போதே திறக்கும். அந்த ஊரில் மட்டும் இருந்த ஒழுங்கு அது. ஜெசிந்தா பிள்ளையைப் பனிச்சறுக்கு வண்டியில் இருத்தி இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள். அவள் சீவியம் அந்தக் கதவு திறக்கும் நேரத்தில்தான் நின்றது.

3. ஒட்வார்

ஒட்வாரைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் அந்த ஊருக்குப் போய் இறங்கியபோது அவர் தொழிற்சாலையில் போர்மன், வேலை மேற்பார்வைக்காரர். புயலில் நின்ற என்னைத் தன் காரில் ஏற்றிப்போய், தன் கம்பளிச் சட்டையைக் கழற்றித் தந்தவர். கத்தியை எந்தக் கோணத்தில் பிடித்தால் மணிக்கட்டு நோகாது என்று காட்டியவர். என் மனைவியைக் கூப்பிட நான் விண்ணப்பித்தபோது, நான் ஒழுங்கான மனிதன் என்று கடிதம் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். எங்கள் ஆட்களுக்கு இதற்குப் பெயர் தெரியும்: செஞ்சோற்றுக் கடன். அவருக்கு அந்தச் சொல்லும் தெரியாது, அப்படி ஒரு கடன் இருப்பதும் தெரியாது. நானாக மனதில் சுமந்துகொண்டு திரிந்தேன். சபையில் மூன்று வருடம் அவர் கை உயர்ந்தால் என் கையும் உயர்ந்தது.

நாலாவது வருடம் கொம்யூனுக்கு, அதாவது ஊர் நிர்வாகத்துக்கு, பணக் கையிறுக்கம் வந்தது. எதையாவது குறைத்தே ஆகவேண்டும். பார்ணஹாகெயைக் காலை ஏழரைக்குத் திறந்தால் போதும் என்று ஒட்வார் முன்மொழிந்தார். தாயும் தகப்பனும் உள்ள வீடுகள் காலை வேலை, பின்னேர வேலை என்று மாறிமாறிச் சமாளிக்கும். தனியாக நிற்பவள் என்ன செய்வாள்? சபையில் அவரோடு சேர்த்து ஏழு பேர் அவர் பக்கம், ஏழு பேர் எதிர்ப் பக்கம். மிச்சம் நான்.

கூட்டத்துக்கு முதல் நாள் ஜெசிந்தா தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணை, எங்களுக்குத்தானே போடுவியள்?"

"ஓம் பிள்ளை, இதென்ன கேள்வி" என்றேன்.

அன்று பின்னேரம் ஒட்வார் வீட்டுக்கு வந்தார். மனைவி பொரித்த பற்றிஸ் இரண்டு சாப்பிட்டார். போகும்போது, சப்பாத்தைக் கட்டிக்கொண்டே, மெதுவாகச் சொன்னார். அவர் நோர்வேஜியனில் சொன்னதை எங்கள் தமிழில் போடுகிறேன்: "நாளைக்கு உனக்குக் கஷ்டம்தான். உன்ரை மனுசி பார்ணஹாகெயிலைதானே வேலை செய்யிறா. நீ விரும்பினா இன்ஹபீல் எண்டு சொல்லலாம். ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்."

இன்ஹபீல் என்றால், விஷயம் தன் குடும்பத்தைத் தொடுவதால் வாக்களிக்கும் தகுதி இல்லை என்று அர்த்தம். சபையில் இருக்கும் உறுப்பினர் வாக்களிக்காமல் சும்மா இருக்க முடியாது. ஆம் அல்லது இல்லை சொல்லியே ஆகவேண்டும். இரண்டிலிருந்தும் தப்ப இருந்த ஒரே வழியை அவர் காட்டிவிட்டுப் போனார். எனக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

4. பதினைந்து நிமிடம்

டிசம்பர் மாதம். அந்த மாதம் முழுக்க அங்கே சூரியன் இல்லை. பகல் இரண்டரை மணிக்கு மண்டபத்தில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. பொதுமக்கள் இருக்கும் பின் வரிசையில் ஜெசிந்தா, தொழிற்சாலையிலிருந்து நேரே வந்து, வெள்ளைச் சப்பாத்தோடு இருந்தாள்.

எங்கள் விஷயம் வந்ததும் கை உயர்த்தி, மனைவி அங்கே வேலை செய்வதால் நான் இன்ஹபீல் என்று நினைக்கிறேன் என்றேன். சபைச் செயலாளர், ஒரு இளம் பெண், கோப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்கடை மனைவி பின்னேரத்திலை, சமையலறையிலை வேலை. காலைத் திறப்பாலை அவவுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. என்ரை கணிப்பிலை நீங்கள் தாராளமா வாக்களிக்கலாம்."

தப்பும் கதவு அடைபட்டது. இல்லை, அதை நானே தள்ளித் திறந்தேன். "எண்டாலும் எனக்குச் சங்கடமா இருக்கு. நான் வெளியிலை போறன்."

ஆளே வேண்டாம் என்கிறபோது யார் பிடித்து வைப்பது? சபை ஒத்துக்கொண்டது. எனக்குப் பதிலாக வரவேண்டிய மாற்று உறுப்பினர் அன்று வள்ளத்தில் கடலுக்குப் போயிருந்தார். அது ஒட்வாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாக்குகள் சமமாக வந்தால் மேயரின் வாக்குத்தான் முடிவு என்பதும் இருவருக்கும் தெரியும்.

வெளியே போகும் வழி பின் வரிசையைத் தாண்டித்தான். ஜெசிந்தா நான் போக வசதியாகக் காலை ஒதுக்கினாள்.

தாழ்வாரத்தில் கோப்பி இயந்திரத்தின் பக்கத்தில் பதினைந்து நிமிடம் நின்றேன். பழைய அறிவித்தல் ஒன்றை நாலு தரம் வாசித்தேன், நாய்களைக் கட்டி வைக்கும்படி. உள்ளே மேசையில் சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டது. ஏழுக்கு ஏழு. மேயரின் வாக்கோடு தீர்மானம் நிறைவேறியது.

5. பொய்

பயந்தவனை மன்னிக்கலாம். அதற்குப் பிறகு செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டு அறையில் எங்கள் ஆட்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். "என்ன அண்ணை நடந்தது?"

"சட்டம் விடேல்லை. மனுசி அங்கை வேலை எண்டு சொல்லி என்னைப் போட விடேல்லை."

அவ்வளவுதான். யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்துவிட்டது. "பாத்தியளே, எங்கடை மனுசனை மடக்கிப்போட்டாங்கள்!" என்று ஒருவர் மேசையில் அடித்தார். என்மேல் எல்லோருக்கும் இரக்கம். அந்தக் கிழமை முழுக்க யாராவது ஒருவர் ரோல்ஸோ கேக்கோ கொண்டுவந்து தந்தார்கள். நான் வாங்கிச் சாப்பிட்டேன். ஜெசிந்தா ஓர் ஓரத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டு நின்றாள். செயலாளரின் வேகமான நோர்வேஜியன் அவளுக்கு விளங்கியிருக்காது என்று நினைத்து ஆறுதல்பட்டேன்.

புது நேரம் நடைமுறைக்கு வந்தது. சில கிழமை பக்கத்து வீட்டுக்காரி அனித்தாவைப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் முடியவில்லை. ஜெசிந்தா வேலைக்குப் பிந்தினாள், எச்சரிக்கை வந்தது, வேலை போனது. கோடையில் இரண்டு பெட்டியோடும் பிள்ளையோடும் ஒஸ்லோவுக்குப் போய்விட்டாள்.

அந்த இலையுதிர்காலத் தேர்தலில் எங்கள் கட்சியில் ஆகக் கூடிய புள்ளடி எனக்குத்தான். ஏமாற்றப்பட்ட மனிதன் என்று சனம் அள்ளிப் போட்டது.

6. ஹவுகன்ஸ்டுவா

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒஸ்லோவுக்கு வந்தபோது, ஜெசிந்தா கேள்விப்பட்டு, எங்களைச் சாப்பிட வரச்சொன்னாள். ஹவுகன்ஸ்டுவா என்ற பகுதியில் ஐந்தாம் மாடி. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்திருந்தாள். ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை என்றாள். மனைவி முன் அறையில் அனித்தாவோடு படம் கீறிக்கொண்டிருந்தாள். நான் குசினிக்குள் போனேன். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று இருந்தது.

"ஜெசிந்தா, உனக்கு ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்குச் சட்டம் என்னைத் தடுக்கேல்லை."

அவள் தேத்தண்ணி வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "தெரியும் அண்ணை. நான் பின்னாலைதானே இருந்தனான். அந்தச் செயலாளர்ப் பிள்ளை சொன்னது எனக்கு வடிவா விளங்கினது."

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? தேர்தல் வந்ததெல்லோ."

"சொல்லியிருந்தா நீங்கள் தோத்திருப்பியள். எங்கடை ஆக்கள் ஒருத்தரும் அந்தச் சபையிலை இருந்திருக்கமாட்டினம். எனக்குப் பிறகும் அங்கை தாய்மார் இருக்கினம்தானே. நெஞ்சு குத்துற மனுசன், திரும்ப வந்தா அதைப் பழையபடி வெள்ளனத் திறப்பிக்காமல் விடமாட்டார் எண்டு நினைச்சன்." வடியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். "திறந்ததோ அண்ணை?"

திறக்கவில்லை. நான் ஒருநாளும் அதைச் சபையில் எடுக்கவே இல்லை. எடுத்தால், முதல் தரம் ஏன் வெளியே போனாய் என்று யாராவது கேட்பார்கள். அந்தப் பயத்திலேயே இரண்டாவது தவணை போய்க்கொண்டிருந்தது. இதை அவளுக்குச் சொன்னேன்.

ஜெசிந்தா தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்தாள். பிறகு, "அப்ப நானும் பிழை விட்டிட்டன்" என்றாள்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். வேலை இழந்து, ஊர் விட்டுப் போனவள், என் பொய்யில் தனக்கும் பங்கு உண்டு என்று அந்தக் குசினியில் நின்று ஏற்றுக்கொண்டாள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

தேர்தலுக்கு நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். உங்களுக்கு உதவி செய்தவருக்கு நன்றி சொல்ல ஆயிரம் வழி இருக்கிறது, அதைச் சபைக்கு வெளியே செய்யுங்கள். வாக்கெடுப்பு நடக்கும்போது உள்ளே இருங்கள். கை நடுங்கினாலும், நன்றி கெட்டவன் என்று பேர் வந்தாலும், உள்ளே இருங்கள்.