கிளெமென்ற் அத்தானின் புளித்த கோவா

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கிளெமென்ற் கப்பலில் கோப்பை கழுவினவர் என்று. அத்தான் சொல்வது வேறு. ஜெர்மன் சரக்குக் கப்பலில் பத்தொன்பது வருடம் சமையற்காரனாக இருந்தேன் என்பார். யார் நம்பினார்கள்? கட்டின பெண்சாதியே நம்பவில்லை. அவர் கப்பலை விட்டு வந்து பன்னிரண்டு வருடமாகியும் புளோறன்ஸ் அக்கா அவரைக் குசினிக்குள் விட்டதில்லை. தேத்தண்ணீர் போடப் போனாலும், “நீங்க தள்ளுங்கோ, அடுப்பெல்லாம் ஊத்தி வைப்பீங்க” என்பாள். நான் அக்காவின் தம்பி. பொய் சொல்லக்கூடாது, நானும் சேர்ந்து சிரித்தவன்தான்.

நான் வெள்ளவத்தையில் ஓட்டோ ஓடுகிறேன். கரோலின் என்ற அமெரிக்கப் பெண்மணி தினமும் என் ஓட்டோவில்தான் வேலைக்குப் போவார். ஒருநாள் காலிக்குப் போகிற வீதி நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தபோது, இங்கே கிடைக்காத சாப்பாட்டில் எதை நினைத்துக் கவலை என்று கேட்டேன். பேர்கர் என்பார் என்று பார்த்தால், மனுசி எட்டு வருடம் ஜெர்மனியில் இருந்தவராம். கறுத்தப் பாண், சொசேஜ், புளிக்கவைத்த கோவா, அதுதான் முட்டைக்கோஸ், இதுகளை நினைத்தால் நித்திரை வருவதில்லையாம். அதோடு அந்த ஊர் பியர். தன் சொந்த நாட்டுப் பியரைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அமெரிக்காக்காரி ஒருத்தி ஜெர்மன் கோவாவுக்காகக் கொழும்பில் இருந்து ஏங்குகிறாள், கேட்டீர்களா கதையை!

நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? என்னுடைய அத்தான் ஜெர்மன் கப்பலில் சமைத்தவர், இதெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு என்று அளந்துவிட்டேன். கரோலின் என் தோளைத் தட்டி, எப்போது சாப்பிட வரலாம் என்றார்.

விசயத்தைச் சொன்னதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அங்க எண்டா கோவா புளிக்க ஒரு மாசம் வேணும். இஞ்சத்த வெக்கைக்கு ரெண்டு கிழமை காணும். வரச் சொல்லு.”

நுவரெலியாக் கோவா வாங்கி, மயிர்போல அரிந்து, உப்புப் போட்டுப் பிசைந்து, பெரிய கண்ணாடிச் சாடியில் அமுக்கி, மேலே கழுவின கல் ஒன்றை வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். தினமும் குனிந்து மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார்.

“இது மட்டும் சரி வந்துட்டுதெண்டா, றொஹான், இந்த ஒழுங்கையின்ர வாய் அடங்கும். முதல்ல உன்ர அக்காவின்ர வாய்.”

சொல்லும்போது குரல் தடுமாறியது. இத்தனை வருடமும் நாங்கள் சிரித்தது அவருக்கு இவ்வளவு சுட்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது.

ரெண்டு கிழமை கழிந்து, விருந்துக்குச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்ததும் அத்தான் சொசேஜும் பியரும் வாங்கக் கிளம்பினார். “சாடியில இருக்கிற கோவாவை அப்பிடியே எடுத்து வை” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அக்கா சாடியைத் திறந்தாள். பாவம், அவளும் என்ன செய்வாள்? முதல் முதல் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு, உப்புத் தண்ணீரில் கிடந்த பச்சைக் கோவாவையா வைப்பது? அதைக் கழுவிப் பிழிந்தாள். கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள் போட்டு, துருவின தேங்காய்ப்பூவைக் கொட்டி, அருமையான வறை ஒன்று செய்து மேசையில் வைத்துவிட்டாள்.

நான் கரோலினைக் கூட்டிக்கொண்டு போனபோது, பக்கத்து வீட்டுப் பீற்றர் அழைப்பில்லாமலே வந்து கதிரையில் இருந்தார். வேடிக்கை பார்க்கத்தான். பின்னாலேயே அத்தானும் வந்தார். மேசையைப் பார்த்தார். மஞ்சள் மஞ்சளாகக் கோவா.

“புளோறன்ஸ், என்னப்பா செய்தனீ?”

“பின்ன, பச்சையாக் குடுக்கிறதே? மானம் போகும். நல்ல காலம், நான் பாத்தனான்.”

அத்தான் சொசேஜ் பார்சலைக் கையில் வைத்தபடியே இருந்துவிட்டார். ஐயோ, அந்த முகத்தை நான் பார்த்திருக்கக்கூடாது.

கரோலின் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். மென்றார். இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு இங்கிலீசில் மெதுவாக ஏதோ சொன்னார்.

“என்னவாம்?” என்று அக்கா என்னைக் கேட்டாள்.

“தேங்காய்ப்பூ ஏனெண்டு விளங்கேல்லையாம். ஆனா இந்தப் புளிப்பு அச்சொட்டா அங்கத்தப் புளிப்புத்தானாம். எட்டு வருசம் சாப்பிட்டவவாம். தொழில் தெரிஞ்ச ஆள்தான் இப்பிடிப் புளிக்க வைக்கலாமாம்.”

பீற்றர் உடனே, “புளோறன்ஸின்ர கை எண்டாச் சும்மாவா!” என்றார்.

அக்கா பேசாமல் இருந்திருந்தால் பெயர் அவளுக்குத்தான் போயிருக்கும். அவள் எழும்பி நின்றாள்.

“என்ர கை இல்லை, பீற்றர். நான் தாளிச்சுக் கெடுத்தனான். புளிக்க வைச்சது இவர். இவர் கோப்பை கழுவேல்லை, சமைச்சவர். ஒழுங்கை முழுக்கச் சொல்லுங்கோ.”

பீற்றர் பியரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் அப்போதுதான் சொசேஜ் பார்சலை மேசையில் வைத்தார். கரோலினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பாட்டுக்கு வறையை வழித்துச் சாப்பிட்டு, மிச்சத்தைப் பார்சல் கட்டித் தரச் சொன்னார்.

பின்னேரம் அவரை வெள்ளவத்தையில் இறக்கிவிட்டு ஒழுங்கைக்குத் திரும்பி வந்தேன். அக்கா குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தாள். உள்ளே வெங்காயம் அரிகிற சத்தம் கேட்டது.

“சத்தம் போடாத,” என்றாள். “மனுசன் சமைக்கிறார்.”