பட்டாளத்தார் பேரன்

கை நீளம் அளந்து முடித்த பிறகும் எங்கள் தெரு டெய்லர் கையை விடமாட்டார். டேப்பின் நுனியை மணிக்கட்டில் அழுத்திக்கொண்டே நம் சுண்டுவிரலை ஒரு பார்வை பார்ப்பார். நேராக இருந்தால் "சரி சார்" என்று விட்டுவிடுவார். உள்பக்கம் வளைந்திருந்தால் போச்சு. உங்கள் வழியில் யாராவது வெண்கலம் காய்ச்சினார்களா, வீட்டை விட்டு ஓடிப்போனார்களா என்று ஆரம்பித்துவிடுவார். சட்டை தைக்க வந்தவர், சம்பந்தம் பேச உட்கார்ந்தவர் மாதிரி வம்சத்தையே ஒப்பிக்க வேண்டியிருக்கும்.

தெருவில் அவருக்குப் பெயர் பட்டாளத்தார் பேரன். கடை சின்னது. ஒரு ஆள் குறுக்கே படுத்தால் கதவைச் சாத்த முடியாது. மெஷினுக்கு மேலே இரண்டு படங்கள் ஒரே அளவுச் சட்டத்தில் தொங்குகின்றன. ஒன்று அவருடைய அப்பா. மற்றொன்று, தாடியும் மார்பில் பதக்கமுமாக வாளின் பிடியில் கை வைத்து நிற்கும் பட்டாளத்தார். பிடியின் மேல் அந்தச் சுண்டுவிரல் வளைந்திருப்பது நன்றாகவே தெரியும்.

பட்டாளத்தார் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஆள். வெள்ளத்தில் பாலம் இடியும்வரை ஒற்றை ஆளாக நின்று தன் அணியைக் கரையேற்றியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லில் பெயரும் பதக்கமும் போட்டு, கீழே "மணி வார்ப்பவர் மகன்" என்று மட்டும் செதுக்கியிருக்கிறது. பிறந்த ஊர் இல்லை, தாய் பெயர் இல்லை.

அவர் தன் பாட்டனாரின் அண்ணன் என்று டெய்லரின் அப்பா சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார். அப்பா ஒரே பிள்ளை, இவரும் ஒரே பிள்ளை. இவருக்குப் பிள்ளை இல்லை. "என் கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டு நாற்காலியில எல்லாம் பொண்ணு வீட்டுக்காரங்கதான் சார் உட்கார்ந்திருந்தாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பட்டாளத்தாரின் வேரைப் பிடித்தால் எங்கேயாவது ஒரு சித்தப்பா, ஒரு அத்தை மகன் அகப்படாமலா போவார்கள்? அதற்காகவே கடைக்கு லீவு விட்டுவிட்டு, மணி வார்த்த ஊர் என்று யார் சொன்னாலும் பஸ் ஏறிவிடுவார். உங்கள் விரல் நேராக இருக்கிறதே என்று யாராவது சீண்டினால், "எங்க அம்மா நிமிர்த்திட்டாங்க" என்பார்.

போன மாசம் ஒரு நர்ஸ் கடைக்கு வந்தார். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்குச் சுலபமாக மாட்டிக் கழற்றும்படி சட்டை வேண்டுமாம். டெய்லர் வீட்டுக்கே போய் அளவெடுத்தார். பெரியவரின் கையை நீட்டி டேப்பை வைத்தவருக்கு அடுத்த அளவு ஓடவில்லை. சுண்டுவிரல் அப்படியே படத்திலிருந்து இறங்கி வந்திருந்தது.

வழக்கமான கேள்விகளை மெதுவாகத்தான் கேட்டார். பெரியவர் பின்கட்டைக் காட்டினார். அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு வெண்கல மணி, விரிசலோடு கிடந்தது. பெரியவருடைய தாத்தாவுக்குப் பெரியப்பா சின்ன வயதில் வார்த்ததாம். குளிரும்போது விரிசல் விட்டுவிட்டது. அப்பன் அடித்த அடியில் வீட்டை விட்டுப் போன பையன் திரும்பவே இல்லை. மணியை உருக்கக் கேட்டவர்களிடமெல்லாம், "அவன் வந்து உருக்கட்டும்" என்றே சொல்லி அவன் தாய் கண்ணை மூடினாளாம். அந்தப் பேச்சை மீறப் பிறகும் யாருக்கும் மனம் வரவில்லை.

டெய்லர் குனிந்து மணியின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்திருக்கிறார். பையன் தன் பெயரை எழுதி வார்த்திருந்தான். கல்லறைக் கல்லில் இருக்கும் அதே பெயர். ஆனால் பையனுக்கு ஒரே தம்பிதானாம், அவர் பெரியவரின் கொள்ளுத்தாத்தா; அவர் வழியில் பெரியவர் சொன்ன பெயர்களில் டெய்லரின் குடும்பம் எங்குமே இல்லை.

அங்கே ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார். சட்டையைத் தைத்தார், பிரித்தார், மறுபடி தைத்தார். மனைவி விஷயத்தைக் கறந்துவிட்டார். "ஏங்க, அவங்களுக்குத் தெரியாது. நீங்க சொல்லலேன்னா இது யாருக்கும் தெரியப்போறதில்ல. உங்க அப்பா ஆசையா சொன்னது, இருந்துட்டுப் போகட்டுமே" என்றாராம்.

"அந்தம்மா கடைசிவரைக்கும் வாசலைப் பார்த்துட்டு இருந்திருக்கு. நான் வாயை மூடிட்டு எப்படிம்மா உட்கார்றது?"

சட்டையைக் கொடுக்கப் போன அன்று சொல்லிவிட்டார். பெரியவர் தலையைப் பின்கட்டுப் பக்கம் திருப்பினார். பிறகு, "அவரு எதுக்கு பதக்கம் வாங்கினாரு?" என்று கேட்டார். டெய்லர் பாலத்தின் கதையைச் சொன்னார். மனப்பாடமாக இருந்த கதைதான், நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கியது என்றார் என்னிடம். கேட்டு முடித்ததும் பெரியவர், "அப்ப நீங்க அவருக்கு என்ன உறவு தம்பி?" என்றாராம்.

"ஒண்ணுமில்லீங்கய்யா. பக்கத்துல இருக்கிறவன்."

போன ஞாயிற்றுக்கிழமை பெரியவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கல்லறைக்குக் கூட்டிவந்தார்கள். மகள், மருமகன், எங்கிருந்தெல்லாமோ வந்த அண்ணன் தம்பி பிள்ளைகள், கைக்குழந்தைகள் என்று கூட்டம் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. பெரியவர் புதுச் சட்டையில் வந்திருந்தார். கல்லைத் தொட்டுக்கொண்டு, "அம்மா தேடிச்சுப்பா" என்றார். அவ்வளவுதான்.

படம் எடுக்க, டெய்லரோடு போயிருந்த என்னிடம் போனைக் கொடுத்தார்கள். எல்லோரும் கல்லைச் சுற்றி இடித்துக்கொண்டு நின்றார்கள். டெய்லர் ஒதுங்கி நிற்பதைப் பார்த்த நர்ஸ், "நீங்களும் வாங்கண்ணே" என்று இடம் காட்டினார். அவர் தயங்கித் தயங்கி வந்து வரிசையின் ஓரத்தில் நின்றார். கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னேன். காலரை மட்டும் சரிசெய்துகொண்டு, தனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடம் விட்டு, போனைப் பார்த்தார்.