எண்ணெயில் கலந்தது

2024 ஜூன் 13, வியாழக்கிழமை. பீர்மேட்டில் விடிந்தது முதல் ஓயாத மழை. அந்தோனியார் திருநாள் என்பதால் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புச் சனம் நனைந்தபடியே சிற்றாலயத்தில் கூடியிருந்தது. திருப்பலி முடிந்ததும், மகளின் நோய் தீர்ந்த புதுமைக்கு மத்தியாஸ் சாட்சி சொல்ல வேண்டும்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் முப்பத்தோராண்டாகக் கம்பவுண்டர். அளவும் சொல்லும் பிசகாதவர் என்று பெயர். மனைவி செபமாலையம்மாளிடம் மட்டும் ஓராண்டாகப் பொய்யாக வாழ்ந்தார். மகள் ஜெஸ்னாவின் வலிப்பு நோய் தீர, மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தோனியாரை மட்டுமே நம்புவதாகச் செபமாலையம்மாள் நேர்ந்துகொண்டாள். அந்தோனியார் சிலை நிற்கும் கெபியில் எரியும் விளக்கின் எண்ணெய்தான் இனி மருந்து என்றாள். மத்தியாஸ் வாதாடித் தோற்றார். பிறகு, "எண்ணெயை நானே ஊட்டுகிறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். மாத்திரையைப் பொடித்து அதில் கலந்தார். ஓராண்டாக ஜெஸ்னாவுக்கு வலிப்பே வரவில்லை.

ஆலய வாசலில் சுருளியம்மாள் வெறும் பாட்டிலோடு நின்றாள். அவள் மகன் அருண்பாண்டிக்கும் அதே நோய்.

"கம்பவுண்டரண்ணே, இனி உங்க கடையச் சாத்திர வேண்டியதுதான்!" என்று சிரித்தாள்.

"ஏன் சுருளி?"

"நாலு நாளா அவனுக்கு மாத்திரைய நிறுத்திட்டேன். எண்ணெய்க்குத்தான் வந்தேன். ஒங்க மகளுக்கு எரங்குன சாமி எம்மவனுக்கு எரங்காதா?"

மத்தியாஸ் உள்ளே நடந்தார். புதுமை என்று சாட்சி சொன்னால் அந்தப் பையன் பிழைப்பானா? உண்மையைச் சொன்னால் செபமாலையம்மாளின் விசுவாசம் என்னாகும்? முன்வரிசையில் அவள் முகம் பூரித்திருந்தது. மேடையேறியவர் ஒலிபெருக்கியைப் பற்றினார்.

"எண்ணெயில தினமும் மாத்திரையக் கலந்து கொடுத்தேன். சுருளி, இப்பவே வீட்டுக்குப் போ. அருண்பாண்டிக்கு மாத்திரையக் கொடு."

சுருளியம்மாள் பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடினாள். செபமாலையம்மாள் எழுந்தாள்; குரல் உடைந்திருந்தது.

"ஒரு வருசமா எம்பக்கத்துல முட்டிபோட்டு அழுதீங்களே, அதுவும் பொய்தானா?"

"இல்ல. மாத்திரையக் கொடுத்த பெறகும் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு."