அமீர் ஜான் திருத்தி வாங்கிய வண்டி

அமீர் ஜானின் முன்னோர் கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர்கள் என்று பழவேற்காட்டில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சைத் தவிர அவருக்கு வேறு சொத்து வந்து சேரவில்லை. 1971ஆம் வருஷம், இருபத்திரண்டு வயதில், டிரைவர் லைசென்ஸ் எடுத்தார். அன்றிலிருந்து ஏரி இறாலையும் நண்டையும் மடவை மீனையும் ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு, பொன்னேரி வழியாகச் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவதுதான் அவர் பிழைப்பு.

முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர் ஓட்டியதெல்லாம் யாரோ கழித்துக்கட்டிய பெட்ரோல் வேன்கள். ஒன்றுக்குக் கதவைக் கயிற்றால் கட்டவேண்டும். இன்னொன்று மழை பெய்தால் நகராது. வழியில் வண்டி நின்றுவிட்டால் ஐஸ் கரையும். ஐஸ் கரைந்தால் இறாலின் தலை கறுத்துவிடும். தலை கறுத்த இறாலை எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அதனால் அமீர் ஜான் மெக்கானிக் வேலையையும் தானாகவே பழகிக்கொண்டார். மெதூருக்கும் திருப்பாலைவனத்துக்கும் நடுவில் அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்காத மரத்தடி கிடையாது.

"மூஞ்சியே மறந்துபோச்சு. காலைப் பாத்துதான் எங்க ஊட்டுக்காரருனு கண்டுபுடிக்கிறேன்" என்பாள் அவர் மனைவி மஸூதா.

1981இல் புது மாதிரிச் சின்ன லாரி ஒன்று வந்தது. டீசல் எஞ்சின், மூன்று பேர் உட்காரும் கேபின், பின்னால் சரக்கு ஏற்ற இரும்புத் தொட்டி. அதைத் தயாரித்தது ஒரு கம்பெனி அல்ல, இரண்டு. எஞ்சினும் அடிச்சட்டமான சேசிஸும் வடக்கே இருந்த ஒரு கம்பெனியுடையவை. கேபினும் தொட்டியும் சென்னைக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு கம்பெனியுடையவை. இரண்டும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, ஒரே வண்டியை ஆளுக்கொரு பெயரில் விற்றன. ஒருவர் 'பவன்' என்றார், மற்றவர் 'சாரதி' என்றார். முன்னால் ஒட்டியிருக்கும் பெயர்த்தகட்டைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது.

அமீர் ஜான் பதிவு செய்துவிட்டுப் பதினான்கு மாதம் காத்திருந்து ஒரு சாரதியை எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாகப் புது வண்டியின் சாவி கையில். ஏரிக்கரையில் கொண்டுவந்து நிறுத்தியபோது மீன்காரப் பெண்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். லைட்ஹவுஸ் குப்பத்து ஜெசிந்தாதான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. பருத்த குரல், எதற்கும் அஞ்சாத வாய். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி சோக்காத்தான் கீது பாய். ஆனா தொட்டி இன்னாத்துக்கு இம்மாம் ஒசரம்? நாங்க இன்னா ஒட்டகமா?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அமீர் ஜானும் சிரித்தார். அப்போது அது சிரிப்பதற்கான விஷயமாகத்தான் தெரிந்தது.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் காலை, திருப்பாலைவனம் தாண்டி ஒரு வளைவில், எதிரே எருமைக் கூட்டம். அமீர் ஜான் பிரேக்கை மிதித்தார். மிதிகட்டை தரையைத் தொட்டுவிட்டது, வண்டி நிற்கவில்லை. கியரை ஒன்றன்பின் ஒன்றாகக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ரோட்டை விட்டு இறக்கி, அறுவடை முடிந்திருந்த வயலில் வண்டியை விட்டார். அறுத்த நெல்தாள்களை நெரித்துக்கொண்டு போய் வண்டி நின்றது. எருமைக்கும் காயமில்லை, கூடைக்கும் சேதமில்லை. கேபினில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா கண்ணைத் திறந்து, "இன்னா பாய், நாத்து நட வந்தோமா?" என்றாள். அவள் கை மட்டும் கதவுப் பிடியை விடவில்லை.

அமீர் ஜான் அடியில் புகுந்து பார்த்தார். பிரேக் பைப்பு துருப்பிடித்து, ஓரிடத்தில் அரித்துத் துளை விழுந்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு, வேறு பைப்பு மாட்டினார். அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் நின்ற மற்ற மூன்று வண்டிகளுக்கு அடியிலும் படுத்துப் பார்த்தார். இரண்டு பவன், ஒரு சாரதி. மூன்றிலும் அதே இடத்தில் அதே துரு. தன் பிரேக் போனது அதிர்ஷ்டவசமாக வயலோரத்தில். அடுத்தவனுக்கு எங்கே போகுமோ?

எஞ்சின் கம்பெனியின் சென்னை ஆபீசுக்குப் போனார். அங்கே தருமலிங்கம் என்ற எஞ்சினியர் பைப்புத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பைப்பு நல்ல பைப்பு. மேல இருந்து உப்புத் தண்ணி ஊத்தினா எந்தப் பைப்பும் தாங்காது. தொட்டி செஞ்சவங்களைக் கேளுங்க" என்றார். தொட்டி கம்பெனிக்குப் போனார். அங்கே சகாதேவன் என்ற எஞ்சினியர். "தொட்டியில ஒரு குத்தமும் இல்ல. போனது பிரேக் பைப்பு. அது அவங்க சாமான்" என்றார். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், டீயும் கொடுத்தார்கள். ஆனால் மூன்று முறை அலைந்தும் அவர்கள் பதில் மாறவில்லை.

மூன்றாம் முறை போய்விட்டு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் எறிந்துவிட்டு உட்கார்ந்தார். மஸூதா கிணற்றடியில் வெள்ளைத் துணிகளுக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எங்க பூந்து எங்க போவுதுனு கண்ணால காட்டினாத்தான் அவங்க ஒத்துக்குவாங்க. அடியில ஓடுற தண்ணியை எப்படிக் காட்டுறது?" என்று புலம்பினார்.

மஸூதா கையிலிருந்த வாளியைத் தூக்கிக் காட்டினாள். அடியில் மெல்லிய கீறல். துவைகல்மேல் அது வைத்திருந்த இடத்திலிருந்து நீலக் கோடு ஒன்று வளைந்து வளைந்து ஓடியிருந்தது.

"இந்த ஓட்டை எனக்கே இன்னிக்கித்தான் தெரியும். நீலம் காட்டிக்குடுத்துச்சு. வண்டிக்கும் நீலம் போடுங்களேன்" என்றாள்.

அமீர் ஜான் எழுந்து நின்றுவிட்டார்.

அடுத்த நாளே இரண்டு கம்பெனிக்கும் இரண்டு கடிதம் எழுதினார். இரண்டிலும் ஒரே வாசகம்: 'வரும் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பழவேற்காட்டுக்கு வந்தால், தவறு உங்களுடையது அல்ல என்று நிரூபித்துக்கொள்ளலாம்.' ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு ஏரிக்கரையில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்து நின்றன. தருமலிங்கமும் சகாதேவனும் இறங்கி ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள். அதுவரை கடிதத்தில் மட்டுமே சண்டை போட்டவர்கள். நேரில் சந்தித்ததே இல்லை.

"வாங்க சார், வாங்க. வெயில் ஏறறதுக்குள்ள ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம்" என்றார் அமீர் ஜான்.

தொட்டியில் ஐஸும் கூடைகளும் வைத்து, உடைத்த ஐஸ்மீது மஸூதா கொடுத்தனுப்பிய நீலப் பொடியைத் தூவினார். இரண்டு எஞ்சினியர்களையும் கேபினில் நெருக்கி உட்காரவைத்துப் பொன்னேரி வரை போய்த் திரும்பினார். வந்ததும் கரையில் பாயை விரித்து, "படுங்க சார்" என்றார். இஸ்திரிச் சட்டையோடு இருவரும் வண்டிக்கு அடியில் நுழைந்தார்கள். நடுவில் அமீர் ஜான்.

நீலம் ஒன்றையும் மறைக்கவில்லை. தொட்டியின் தரைத்தகடும் பக்கத்தகடும் சேரும் மூலையில் கசிந்து, தொட்டியை சேசிஸோடு இறுக்கிய போல்ட்டின் வழியாக இறங்கி, சேசிஸ் ஓரமாகவே ஓடி, பிரேக் பைப்பைப் பிடித்திருந்த கிளிப்பில் போய்த் தேங்கியிருந்தது.

"பாத்தீங்களா, தண்ணி உங்க தொட்டியிலேர்ந்துதான் வருது" என்றார் தருமலிங்கம்.

"வரட்டும் சார். அது வர்ற வழியில பைப்பைக் கொண்டுபோய் யார் வெச்சது?" என்றார் சகாதேவன்.

அமீர் ஜான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கோச்சிக்காதீங்க. அவர் போட்ட படத்தை நீங்க பாத்தீங்களா? நீங்க போட்ட படத்தை அவர் பாத்தாரா?"

சகாதேவன் நீலக் கோட்டைப் பார்த்தபடியே, "இல்ல" என்றார். தருமலிங்கம் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். படுத்தபடியே சிகரெட் அட்டையின் பின்புறத்தில் இருவரும் சேர்ந்து படம் போட ஆரம்பித்தார்கள்.

வெளியே வந்ததும் ஜெசிந்தா விடவில்லை. "இம்மாந்தூரம் வந்தீங்க. இந்தக் கூடையைக் கொஞ்சம் மேல ஏத்துங்க சார்" என்றாள். சகாதேவன் ஈர மீன்கூடையை இடுப்பு வரை தூக்கினார். அதற்கு மேல் கை எழும்பவில்லை. முகம் சிவந்தது.

"நாங்க டெய்லி நாப்பது ஏத்துறோம். ராவுல தோள்பட்டை வலியில தூக்கம் வராது" என்றாள் ஜெசிந்தா. இப்போது அவள் சிரிக்கவில்லை. சுற்றி நின்ற பெண்களும் சிரிக்கவில்லை. அமீர் ஜானுக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தைய தன் சிரிப்பு நினைவுக்கு வந்து உறுத்தியது. சகாதேவன் டேப்பை எடுத்துத் தொட்டியின் உயரத்தை அளந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "அம்மா, தரையிலேர்ந்து உங்க இடுப்பு எவ்ளோ உயரம்னு அளந்துக்கலாமா?" என்றார். ஜெசிந்தாவே டேப்பின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு அளந்து கொடுத்தாள்.

அந்த வாரமே, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளுக்கெல்லாம் புதுப் பைப்பும் தகர மறைப்பும் வந்துசேர்ந்தன. திருத்திய புது வண்டி வருவதற்கு ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று.

1986 செப்டம்பரில் அறிமுக விழா. திருத்திய வண்டியை முதலில் எங்கே காட்டுவது என்று இரண்டு கம்பெனிக்கும் வாக்குவாதம் வந்தபோது, தருமலிங்கமும் சகாதேவனும் ஒரே குரலில் பழவேற்காடு என்றார்களாம். ஏரிக்கரையில் பந்தல், மைக், மாவிலைத் தோரணம். ஆரம்பாக்கத்திலிருந்தும் காட்டூரிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். துணியை விலக்கியதும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டிகள், ஒன்று பவன், ஒன்று சாரதி. எது உசத்தி என்று கூட்டத்தில் அப்போதே இரண்டு கட்சி கிளம்பிவிட்டது.

வடக்கேயிருந்து வந்த பெரிய அதிகாரி பேச எழுந்தார். இரண்டு வாக்கியம்தான் முடிந்திருக்கும்.

"பேச்செல்லாம் அப்பறம்! மொதல்ல தண்ணியை ஊத்துங்க!" என்று ஜெசிந்தாவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

கரை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. "தண்ணியை ஊத்து! தண்ணியை ஊத்து!" அதிகாரி ஒன்றும் புரியாமல் தருமலிங்கத்தைப் பார்த்தார். தருமலிங்கம் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

நான்கு குடம் உப்புத் தண்ணீரில் நீலம் கரைத்துச் சாரதியின் தொட்டியில் கொட்டினார்கள். அமீர் ஜான் விழாவுக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் அடியில் நுழைந்தார். தரைத்தகட்டில் புதிதாக வெட்டிய வாய்க்கால் வழியாக நீலம் முழுவதும் பின்மூலைக்கு ஓடி, சக்கரத்துக்கும் பின்னால் தொங்கிய ரப்பர் குழாயிலிருந்து நேராக மண்ணில் விழுந்தது. அமீர் ஜான் சேசிஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவினார். பிரேக் பைப்பு இப்போது மறுபக்கத்தில், உள்ளே தள்ளி இருந்தது. அதையும் தடவினார். பிறகு வெளியே வந்து, எழுந்து நின்று, உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேலே காட்டினார்.

சொட்டு ஈரம் இல்லை.

கரை அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். படகுகளில் நின்றவர்கள் துண்டைச் சுழற்றினார்கள். ஜெசிந்தா முட்ட முட்ட நிரம்பிய இறால் கூடையோடு வந்து, இடுப்பிலிருந்து ஒரே வீச்சில், தாழ்த்திக் கட்டிய தொட்டியில் ஏற்றிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் மற்ற பெண்கள் வரிசையாக வந்து கூடைகளை ஏற்றினார்கள். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

பெரிய அதிகாரி அமீர் ஜானின் கையைக் குலுக்கினார். இந்த நீல யோசனை உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டதைத் தருமலிங்கம் தமிழில் சொன்னார்.

"எனக்கு வரல சார். அதோ நிக்கிறாங்களே, என் ஊட்டுக்காரங்க, அவங்களுக்கு வந்துச்சு" என்று கூட்டத்தில் நின்ற மஸூதாவைக் காட்டினார் அமீர் ஜான்.

மஸூதா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்துப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். ஜெசிந்தா விடுவாளா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வண்டியின் முன்சீட்டில் ஏற்றி உட்காரவைத்தாள். பதினைந்து வருஷமாகப் புருஷன் ஓட்டிய எந்த வண்டியிலும் மஸூதா முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. மீன் வண்டியில் பொம்பளைக்கு என்ன வேலை என்று யாரும் சொன்னதில்லை, கூப்பிட்டதும் இல்லை.

அமீர் ஜானும் ஏறி உட்கார, சகாதேவன் சன்னலருகே வந்து, இறாலை இறக்கிவிட்டு வரச் சொல்லிச் சாவியை நீட்டினார். "பாய், அடுத்த வண்டி எதை எடுக்கப்போறீங்க? பவனா, சாரதியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார். எது மொதல்ல டெலிவரி ஆவுதோ அது" என்றார் அமீர் ஜான்.

பிறகு சாவியைத் திருப்பினார். பஜார் தெருவில் வண்டி நுழைந்தபோது கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து நின்றார்கள். மஸூதா முதலில் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிவாசல் திருப்பத்தில் நிமிர்ந்தாள்.

"இறக்கிவிடவா, வீடு வந்துடுச்சு" என்றார்.

"இறால் எங்க போவுது?"

"சிந்தாதிரிப்பேட்டைக்கு."

"அப்ப நானும் அங்கதான் வர்றேன். ஓட்டுங்க" என்றாள் மஸூதா.

அமீர் ஜான் கியரை மாற்றிப் பொன்னேரி ரோட்டில் வண்டியை விட்டார்.