பக்கச் சக்கரத்தில் ஏறிய துரு

என் ஸ்கூட்டருக்கு நான்கு சக்கரம். போலியோவில் சூம்பிய கால் ஊன்றாது என்பதால் பின்பக்கம் இரண்டு சின்னச் சக்கரங்களைக் கூடுதலாக மாட்டியிருக்கிறேன். தாராவியிலிருந்து செம்பூர் அலுவலகத்துக்கு அதில்தான் போய்வருகிறேன். ரயிலில் முண்டியடிக்க என்னால் ஆகாது. பஸ்ஸில் ஒரு கால் வைப்பதற்குள் கண்டக்டர் மணியடித்துவிடுவார். வண்டி நின்றால் நான் வீட்டோடு முடங்க வேண்டியதுதான்.

மழை தொடங்கிய வாரம், சயான் சிக்னலில், அந்தப் பக்கச் சக்கரம் ஒன்றைத் தாங்கும் இரும்புப் பட்டை முறிந்தது. வண்டியோடு சாய்ந்தேன். பின்னால் வந்த டெம்போக்காரன் பிரேக் போட்டதால் இன்று உயிரோடு இருக்கிறேன். பட்டையின் மேலே கறுப்புப் பெயின்ட் மினுமினுவென்று இருந்தது. உள்ளே துருவேறி, தொட்டால் உதிர்ந்தது.

எங்கள் சந்தில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி பாய் புதுப் பட்டை செய்து தந்தார். அதற்கு எந்தப் பூச்சு போடுவது என்பதில்தான் என் சனியன் ஆரம்பித்தது. குரோம் வேண்டாம், ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் இறங்கிவிடும் என்றார். பெயின்ட்டைப் பொடியாகத் தூவும் பவுடர் கோட்டிங் அடித்து சூளையில் சுட்டால் நிற்கும் என்றார். சுட்டோம். சில வாரத்தில் கொப்புளம் கட்டியது. சுரண்டிவிட்டு, துத்தநாக முலாம் பூசி, அதன்மேல் பவுடர் அடித்தோம். அதுவும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து உரிந்தது. எனக்குப் பயத்தில் தூக்கம் போய்விட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் உயிர் போய் வந்தது. ஒருநாள் பட்டறை வாசலிலேயே கத்தினேன்.

“நான் லாரிக்கு அடியில போனாத்தான் ஒழுங்கா போட்டுத் தருவியளா?”

பாய் சண்டைக்கு வரவில்லை. அவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. குத்துக்காலிட்டுப் பட்டையை விரலால் வழித்து, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“தங்கச்சி, வண்டிய கடலுக்குள்ளயா விடுதிய? இப்படி உப்பு கரிக்கி!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா கல்லுப்பும் மஞ்சளும் கரைத்து வண்டிக்குத் திருஷ்டி கழிப்பாள். ஊர்க்கண்ணெல்லாம் அந்தச் சின்னச் சக்கரங்கள் மேல்தான் என்று அங்கேயே சொம்பு சொம்பாக ஊற்றுவாள். நான் விழுந்த பிறகு செவ்வாய்க்கிழமையும் சேர்ந்துகொண்டது.

இதைச் சொன்னதும் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டையை நவி மும்பைப் பக்கம் அனுப்பி, உருக்கிய துத்தநாகத்தில் முழுசாக முக்கி எடுத்து வந்தார். “இதுதான் இருக்கதுலயே கெட்டி. ஆனா உப்பு ஊத்துனா இதையும் தின்னுரும், பாத்துக்கிடுங்க” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அம்மா சொம்போடு வாசலுக்கு வந்தாள். நான் வண்டிக்கு முன்னால் மறித்து நின்றேன்.

“ஊத்தாதம்மா. உப்புதான் பட்டைய அரிச்சிருக்கு. அதான் முறிஞ்சிச்சு.”

அவள் சொம்பைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

“அப்ப நாந்தான் ஒன்ன விழத்தட்டுனனா?”

“அப்படி இல்லம்மா…”

“நீ போயிட்டு வார வரைக்கும் இங்க கெடந்து நான் என்னட்டி செய்ய?”

அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. வண்டியைக் கிளப்பினேன். சந்து திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். அம்மா அந்த உப்புத் தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.